டிஆர்6-இன் பின்பக்கம்: 5,250 பவுண்டில் எது தேறியது?

பில்லில் இருந்தே தொடங்குகிறேன். என் பழைய டிரையம்ஃப் டிஆர்6 காரின் பின்பக்க வேலைக்கு, வரி உட்பட 5,250 பவுண்டு. பிள்ளைகளின் மதிப்பெண் தாளை ஒட்டுவதுபோல என் கணவர் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். காலையில் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது. நான்கு மாதம் ஆகிவிட்டது, 1,100 மைல் ஓடியும் ஆகிவிட்டது. அந்தத் தாளில் உள்ள எந்தத் தொகை வேலைக்குச் செலவானது, எந்தத் தொகை என் ஆசைக்குச் செலவானது என்று இப்போது சொல்ல முடியும். இதே வேலையைச் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வண்டி 1971-ஆம் ஆண்டின் டிரையம்ஃப் டிஆர்6. ஆறு சிலிண்டர், 2,498 சிசி, லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், தொழிற்சாலை அன்று சொன்ன கணக்குப்படி 150 குதிரைத்திறன். நிறத்துக்கு அவர்கள் வைத்த பெயர் டாம்சன். எனக்கு அது நாவல்பழம் தின்ற நாக்கு. 2016-இல் வாங்கினேன். நான் இருப்பது இங்கிலாந்தின் கவென்ட்ரி. இந்தக் கார் பிறந்த கான்லி தொழிற்சாலை இருந்த இடம் என் வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான். அங்கே 1980-இல் கார் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். இன்று வணிக வளாகம். அதில் ஒரு தெருவுக்கு ஹெரால்ட் அவென்யூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திருச்சியில் என் பெரியப்பா ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருந்தார், டிரையம்ஃப் ஹெரால்டையே வண்டலூரில் கட்டிய வண்டி. அந்தத் தெருப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் அவர் வீட்டு வாசலில் கசிந்து கிடந்த எண்ணெயின் வாசனை வருகிறது. நான் இந்தக் காரை வாங்கியதற்கு வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

தொல்லை இரண்டு வகையில் இருந்தது. கிளட்சை விடும்போது பின்னால் "டொக்" என்று ஒரு சத்தம். மூடிய பெட்டிக்குள் யாரோ சுத்தியலை நழுவவிட்டதுபோல இருக்கும். இன்னொன்று கொஞ்சம் பயமுறுத்தியது. நீண்ட வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் போய்க்கொண்டிருக்கையில் காலை எடுத்தால், காரின் பின்பக்கம் அரைச் சாண் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி அமரும். கூட்டத்தில் யாரோ இடுப்பால் இடித்துவிட்டுப் போவதுபோல. வேகம் அதிகமில்லை, ஐம்பது மைல்தான். பழைய டிஆர் வைத்திருப்பவர்கள் இதை வண்டியின் குணம் என்று செல்லமாகச் சொல்வார்கள். முப்பது ஆண்டு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வுபெற்றவள் நான். வலியைக் குணம் என்று சொல்லும் நோயாளிகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. இந்தக் காரில் டிஃபரன்ஷியல், நம் ஊர் மெக்கானிக்குகள் "கிரவுன்" என்று சொல்வது, சேசிஸில் நிலையாகக் கட்டப்பட்டிருக்கும். பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனி அலுமினியக் கைகளில் தொங்கும். சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது கிரவுனுக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் மாறும். ஆகவே இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் நீளவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். டிரையம்ஃப் செய்த ஏற்பாடு இதுதான்: இரு முனையிலும் மடங்கிச் சுழல ஒவ்வொரு கிராஸ் மூட்டு, நடுவில் பல் வெட்டிய தண்டு ஒன்று குழாய்க்குள் வழுக்கும். சும்மா தள்ளும்போது நன்றாகவே வழுக்கும். முறுக்குவிசை ஏறியதும் பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மடக்குக் குடையின் கம்பியை முறுக்கிப் பிடித்துக்கொண்டே நீட்டிப் பாருங்கள், புரியும். அந்த நேரத்தில் சஸ்பென்ஷன் அசையாமல் நின்றுவிடுகிறது. காலை எடுத்த கணத்தில் பிடி விடுகிறது, சக்கரம் தன் இடத்துக்குத் துள்ளிப் போகிறது. நான் உணர்ந்த இடி அதுதான்.

இந்தத் தனித்தனிப் பின் சஸ்பென்ஷன் டிஆர் வரிசையில் 1965-இல் டிஆர்4ஏ காரோடு வந்தது. அமெரிக்க விற்பனையாளர்கள் விரும்பாததால் அங்கே மட்டும் பழைய ஒற்றை இரும்பு ஆக்சிலோடும் விற்றார்கள். வண்டலூர்க்காரர்களும் ஹெரால்டுக்குப் பின் கொண்டுவந்த கெசலில் இதையேதான் செய்தார்கள். அசையும் பின் ஆக்சிலை எடுத்துவிட்டுக் கெட்டி ஆக்சில் போட்டார்கள், நம் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது அதுதான் என்பதால். பெரியப்பா இதைக் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

எனக்குத் தெரிந்த வழி ஷாஃப்டையே மாற்றுவது. சி.வி. மூட்டு உள்ள ஷாஃப்ட் ஜோடி, சக்கரம் பூட்டும் புது ஹப்பும் பேரிங்கும் சேர்ந்து, 1,350 பவுண்டு. மாருதி 800 வைத்திருந்த எவருக்கும் சி.வி. மூட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. "ஆக்சில் பூட் கிழிந்துவிட்டது" என்று மெக்கானிக் சொன்னது இதன் ரப்பர் உறையைத்தான். கிண்ணத்துக்குள் எஃகுக் குண்டுகள் உருளும். உட்பக்க மூட்டில் அவை முன்னும் பின்னும் ஓடவும் இடம் இருக்கும். வழுக்குவதற்குப் பதில் உருளுவதால், முறுக்கு ஏறினாலும் நீளம் மாறுவது நிற்காது.

ஹப்பையும் சேர்த்து வாங்கியது ஆடம்பரம் இல்லை. பழைய ஹப் ஒரு கூம்புத் தண்டின் மேல் இறுகி உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்ற அதற்கென்று செய்த கனமான கருவி வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்றியவர்கள் தண்டையே கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐம்பது ஆண்டு சுழன்ற எஃகு களைத்து அந்தக் கூம்புப் பகுதியில் முறிந்தால், சக்கரம் பிரேக் டிரம்மோடு காரைவிட்டுத் தனியாகப் போய்விடும். இது இந்த வண்டிகளில் நடந்திருக்கிறது. ஷாஃப்டை மட்டும் மாற்றிப் பழைய ஹப்பை விட்டுவைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

வேலையைக் கொடுத்த பட்டறை வார்விக்‌ஷயரில் ஒரு பழைய பண்ணைக் கொட்டகையில் இருக்கிறது. முதலாளியும் ஒரு பயிற்சிப் பையனும்தான். பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பாராட்டும் உண்டு, திட்டும் உண்டு. முதலாளி என்னை டாக்டர் என்றே கூப்பிடுகிறார். நான் டாக்டர் இல்லை, எக்ஸ்ரே எடுப்பவள் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். "இருக்கட்டும் டாக்டர்" என்கிறார்.

முதல் நாளே அவர் செய்த ஒரு காரியத்துக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கலாம். ஷாஃப்டைப் பற்றி நான் விரிவுரை நிகழ்த்திக்கொண்டிருக்க, அவர் பேசாமல் லிஃப்டில் காரை ஏற்றி, கிரவுனின் முன்மூக்குக்கு அடியில் ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பினார். வலப்பக்கம் மட்டும் விரல் கனத்துக்கு எழும்பியது. டொக். எட்டு ஆண்டாக நான் கேட்ட அதே டொக்.

கிரவுன் நான்கு ஊசித்தண்டுகளில் ரப்பர் புஷ் வைத்துத் தொங்குகிறது. அந்தத் தண்டுகள் சேசிஸின் குறுக்குப் பாலங்களில் பற்றவைக்கப்பட்டவை. வண்டி கிளம்பும்போது இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. சக்கரங்களின் எதிர்விசை கிரவுனின் மூக்கை மேலே தூக்குகிறது. எஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டின் முறுக்கு அதே கிரவுனின் வலப்பக்கத்தைத் தூக்கப் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து விழும் மூலை வலது முன் மூலை. அதனால்தான் டிஆர்6-களில் பெரும்பாலும் அந்த ஒரு தண்டே போகிறது. சேசிஸ் தகடு மெல்லியது. முதலில் தகட்டில் விரிசல் விட்டு, பிறகு தண்டு தகட்டோடு பிய்ந்து வரும்.

விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. முதலாளி அழுக்கைச் சுரண்டி, சிவப்புச் சாயத்தை அடித்து, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தார். ஒரு நிமிடத்தில் வெள்ளையில் சிவப்பாக ஒரு மயிரிழை எழுந்து தண்டைச் சுற்றிப் பாதி வட்டம் போட்டது. மணிக்கட்டில் ஸ்கேஃபாய்டு என்று ஒரு சிறு எலும்பு உண்டு. அதன் முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமல் போவது வழக்கம், பத்து நாள் கழித்து எடுத்தால் தெரியும். அந்த இரண்டாவது படத்தைப் பார்க்கும் நேரத்தில் எனக்கு எப்போதும் வயிற்றில் ஒரு பிசைவு வரும். கொட்டகையில் நின்றபோதும் வந்தது. இதன்மேல் புது ஷாஃப்டைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "இன்னும் நன்றாகப் பிய்ந்திருக்கும் டாக்டர்" என்றார்.

பாலத்தைப் பெட்டிபோல மூடித் தகடு வைத்துப் பற்றவைத்து, நான்கு தண்டுகளையும் புதிதாக்கியதற்கு 690 பவுண்டு. பில்லிலேயே மிகக் குறைந்த தொகைகளில் ஒன்று. யாருக்கும் காட்டிப் பெருமைப்பட முடியாத வேலை, படுத்துக்கொண்டு டார்ச் அடித்தால்தான் தெரியும். "டொக்" முழுவதும் போனது இதனால்தான். ஐந்தில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் இதற்கு ஆறு கொடுப்பேன்.

ஷாஃப்ட் மாற்றியதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, சொல்ல இல்லாமல் இருப்பதே அதன் சிறப்பு. டிரம்மை எடுத்து, உள்ளே கிரவுன் விளிம்பில் நான்கு நட்டையும் வெளியே ஹப்பில் ஆறு நட்டையும் கழற்றினால், முழு ஷாஃப்டும் அலுமினியக் கையின் ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். அந்த ஆறு நட்டும் ஏறும் ஸ்டட்கள் (மரைத் தண்டுகள்) அலுமினியத்தில் திருகியவை. இடப்பக்கத்தில் இரண்டு, மரையையும் சுருளாக இழுத்துக்கொண்டு வந்தன. எஃகு மரை உள்ளீடுகள் போட்டார்கள். இதை எதிர்பார்த்தே போங்கள். யாரோ ஒருவர் எப்போதோ அளவு மீறி இறுக்கியிருப்பார்.

வளைவில் அந்த இடி இப்போது இல்லை. பிராட்வே ஊருக்கு மேலே ஃபிஷ் ஹில் என்று ஒரு மலைப்பாதை, ஏ44 சாலையில். கீழிருந்து இரண்டாம் கியரில் ஓவர்டிரைவை (ஒரே கியருக்கு இன்னொரு உயர் விகிதம் தரும் துணைக் கியர்) போட்டும் எடுத்தும் ஏறினேன். என் காரில் உள்ள ஏ வகை ஓவர்டிரைவ் இரண்டாம் கியரிலும் வேலை செய்யும், அது ஒரு தனிச் சுகம். வளைவின் நடுவில் வேண்டுமென்றே காலை எடுத்தேன். வண்டி மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தியது, அவ்வளவுதான். மேலே ஏறியதும் திரும்பிக் கீழே போய் மறுபடி ஏறினேன். அன்றைக்கு நான்கு முறை. ஒன்று மட்டும் மாறவில்லை: அழுத்தி எடுத்தால் டிஆர்6 இன்னும் படகுபோல மூக்கைத் தூக்கிப் பின்னால் குந்துகிறது. அது ஷாஃப்டின் குற்றம் இல்லை, அந்தக் கைகளின் அமைப்பு அப்படி.

இனி கிரவுன். இங்கேதான் என் ஆசை பேசியது. எப்படியும் கீழே இறக்கியாகிவிட்டது, அப்படியே ஒரு சக்கரம் வெட்டியாகச் சுழல்வதைக் குறைக்கும் லிமிடெட் ஸ்லிப் போட்டுவிடலாமே என்று கேட்டவள் நான்தான். முதலாளி வற்புறுத்தவில்லை. சாய்வுப் பல்சக்கர வகை, உள் அலகுக்கு 820 பவுண்டு, பேரிங், சீல், அளவு பார்த்துப் பொருத்தும் கூலி 780. ஆக 1,600.

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சமமான விசையையே தரும். ஒன்றுக்குப் பிடிமானம் இல்லையென்றால் மற்றதற்கும் அவ்வளவே கிடைக்கும். வளைவில் உட்பக்கச் சக்கரம் இலேசாகி வெட்டியாகச் சுழல்வது அதனால்தான். சாய்வுப் பல் வகையில் அப்படிச் சுழலப் பார்க்கும்போது பல்சக்கரங்கள் தங்கள் உறையில் அழுந்தி, பிடிமானம் உள்ள பக்கத்துக்குக் கூடுதல் விசையை அனுப்பும். தேய்வதற்குத் தட்டுகள் இல்லை, தனி எண்ணெய் வேண்டாம். ஆனால் ஒரு சக்கரம் முழுவதும் அந்தரத்தில் தூக்கிவிட்டால் இதுவும் கைவிரித்துவிடும். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே.

பொருத்திய விதத்தில் குறை சொல்ல முடியாது. கிரவுன் சக்கரத்தின் பற்களில் நீல மை தடவி, அதைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியன் எங்கே உரசுகிறது என்று பார்த்து, ஷிம் என்னும் மெல்லிய இடைத் தகடுகளை மாற்றி, மறுபடி மை தடவி, இப்படி ஒரு முழுப் பகல். பயிற்சிப் பையன் ஒவ்வொரு முறையும் கைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். கிரவுனின் பல் விகிதத்தை 3.45-லிருந்து அமெரிக்க வண்டிகளின் 3.7-க்கு மாற்றலாமா, எடுப்பு கூடும் என்று கேட்டார்கள். மறுத்துவிட்டேன். வேகமானி பொய் சொல்லத் தொடங்கும், நெடுஞ்சாலையில் எஞ்சின் கூடுதலாகக் கத்தும்.

1,600 பவுண்டுக்கு உண்டானது கிடைத்ததா? ஈரமான சாலைச் சந்திப்பில் வலப்பக்கம் திரும்பிக் கிளம்பும்போது முன்பு உட்சக்கரம் கீச்சிடும். இப்போது வண்டி அப்படியே தள்ளிக்கொண்டு போகிறது. ஃபிஷ் ஹில்லின் இறுக்கமான வளைவில் ஒருமுறை, மழையில், உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். இந்த இரண்டையும் தவிர என் ஓட்டத்தில் அது இருப்பதே தெரியவில்லை. பந்தய மைதானத்துக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. என்னைப்போல ஞாயிற்றுக்கிழமை தேநீருக்குப் போகிறவர்கள் அந்தப் பணத்தில் டயரும் டாம்பரும் (ஷாக் அப்சார்பர்) வாங்கலாம். நான் வருந்தவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது திட்டு. எட்டு வாரம் என்றார்கள், பதினான்கு ஆயிற்று. கோடை பாதி போய்விட்டது. அதைக்கூடப் பொறுத்தேன். கேட்காமலே கிரவுன் தண்டுகளில் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தார்கள். "உறுதியாக இருக்கும், எல்லோரும் போடுகிறார்கள்" என்றார் முதலாளி. உறுதியாகத்தான் இருந்தது. கிரவுனின் ஒவ்வொரு பல்லும் உரசுவதைச் சேசிஸ் வழியாக என் முதுகெலும்புக்குக் கொண்டுவந்து சேர்க்கும் அளவு உறுதி. நாற்பத்தைந்து மைல் வேகத்தில் காதுக்குள் ஒரு வண்டு நுழைந்து, ஐம்பத்தைந்தில் வெளியேறும். கிரவுனே கெட்டுவிட்டதோ என்று பயந்து இரண்டு இரவு தூங்கவில்லை. மறுபடி இறக்கி ரப்பர் போட்டதும் வண்டு செத்தது. அந்த இரண்டாவது கூலிக்கு 180 பவுண்டு கேட்டார். கேட்காமல் போட்டது அவர் என்பதால் நான் மறுத்தேன். ஒரு தேநீர் குடிக்கும் நேரம் முறைத்துக்கொண்டோம். கடைசியில் பில்லில் அது வரவில்லை. உங்கள் பட்டறையில் எழுதியே கொடுத்துவிடுங்கள்: ரப்பர்.

சக்கரக் கோணத்தையும் சொல்லவேண்டும், பலர் விட்டுவிடுவது இது. அலுமினியக் கைகளைப் பிடித்திருக்கும் தாங்கிகளில் வெட்டுகள் இருக்கும். அவற்றைத் திருப்பி வைத்துச் சக்கரத்தின் சாய்வை மாற்றலாம். தாங்கிக்கும் சேசிஸுக்கும் இடையில் ஷிம் வைத்து முன்பின் கோணத்தைச் சரிசெய்யலாம். என் காரில் இடப்பக்கம் மூன்று ஷிம், வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. சரிசெய்து தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். இது 24 மணி நேரக் கழற்றிப் பூட்டும் கூலியான 1,440 பவுண்டுக்குள்ளேயே அடங்கியது. மீதி 170 பவுண்டு மரை உள்ளீடு, எண்ணெய், சில்லறைச் சாமான்.

சட்டம் பற்றிக் கணவர் கவலைப்பட்டார். பிரிட்டனில் நாற்பது வயதைத் தாண்டிய காருக்கு 2018 மே முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. பெரிய மாற்றம் செய்தால் அந்தச் சலுகை போய்விடும். ஆனால் ஆக்சில், ஓடும் பாகங்களில் பாதுகாப்புக்காகவோ திறனுக்காகவோ செய்யும் மாற்றத்தை அப்படிப் பெரிய மாற்றமாகக் கருதுவதில்லை. நான் எப்படியும் ஆண்டுதோறும் சோதனைக்கு அனுப்புகிறேன். விரிசல் அங்கே தெரியவில்லை என்பது கசப்பான உண்மை. காப்பீட்டுக்காரர்களிடம் மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். எனக்குத் தொலைபேசியில் பத்து நிமிடம் ஆனது, கட்டணம் கூடவில்லை.

கையில் 2,500 பவுண்டுதான் இருக்கிறது என்றால், முதலில் சாயம் அடித்துப் பாருங்கள், தண்டுகளைப் பற்றவையுங்கள், மிச்சத்தில் ஷாஃப்டும் ஹப்பும் வாங்கி நீங்களே பூட்டுங்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு சனி ஞாயிறு போதும். லிமிடெட் ஸ்லிப் காத்திருக்கும்.

ஐந்நூறு மைலில் கிரவுன் எண்ணெயை மாற்றினார்கள். காந்தத்தில் ஒட்டியிருந்தது சாம்பல் நிறப் பசை மட்டும், துகள் எதுவும் இல்லை. தொள்ளாயிரம் மைலில் வலது வெளி மூட்டின் ரப்பர் உறையில் ஒரு பட்டி தளர்ந்து, சக்கரத்தின் உட்புறமெல்லாம் கிரீஸ் தெளித்தது. கொட்டகைக்கு ஓட்டிப் போனேன். பையன் படுத்து எழுந்திருக்கப் பத்து நிமிடம் ஆனது, துடைக்கக் கால் மணி. எவ்வளவு என்று கேட்டேன். "அதற்கெல்லாம் பில் போடுவதில்லை டாக்டர்" என்றான் பையன். இவனுக்கும் முதலாளியின் பழக்கம் தொற்றிவிட்டது.